இரண்டாவது பாட்டில்

போன மாதம் உங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள், ஏன் அந்தக் கல்லூரி? ஐந்து பேரும் நல்ல பதில் சொன்னீர்கள். நல்ல லேப், நல்ல பிளேஸ்மென்ட், நல்ல ஆசிரியர்கள். விளம்பரத் தாளைப் பார்த்து ஒப்பித்த மாதிரி இருந்தது. நான் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. அது உங்கள் குற்றமில்லை. முப்பத்தொரு வருடம் ஆலைக் கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தவளுக்கு யார் எதைச் சொன்னாலும் முதலில் அப்படித்தான் தோன்றும். இங்கே புனேயில், எங்கள் ஔந்த் குடியிருப்பில் பால் போடுகிறவர் நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் பாக்கெட்டை வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடிவிடுகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். எப்படி மாதிரி எடுப்பது, எப்படி முத்திரை வைப்பது என்பதையெல்லாம் பயிற்சிப் புத்தகமே சொல்லும். நான் சொல்லப்போவது என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக மோசமான முடிவைப் பற்றி. அதை வேலையில் இருந்தபோது எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பெண்ணுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் எடுத்தேன்.

அதற்கு முன்னால் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஊருக்கு வெளியே ஒரு சாயத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். சுத்திகரித்த தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்துக் காட்டுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மீன் உயிரோடு நீந்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். இப்போதும் பல இடங்களில் பார்ப்பீர்கள். அங்கேயும் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று ஏழெட்டு மீன்கள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. தொட்டிக்குப் பக்கத்திலேயே பாட்டிலைப் பிடித்தேன், சோதித்தேன், எல்லா அளவும் வரம்புக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

சில வாரம் கழித்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் ஆய்வகத்தைத் தேடி வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே கத்தரிக்காய் நிறத்தில் தண்ணீர், அவருடைய கிணற்றுத் தண்ணீர். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். மராட்டியில் அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“மீனைப் பாத்தீங்களாமே. என் மாட்டைப் பாத்தீங்களா?”

நிஜக் கால்வாய் மதில் சுவருக்குப் பின்னால் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மீன் தொட்டியில் இருந்தது குழாய்த் தண்ணீர். அவருடைய மாட்டைப் பார்க்க மறுநாளே போனேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

அன்றிலிருந்து நான் எதையும் நம்பாதவள் ஆனேன். குழாய் வாயில் சிலந்திவலை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பேன். புது பெயின்ட் வாசனை வந்தால் எதை மறைக்கப் பூசினார்கள் என்று யோசிப்பேன். மரியாதையாக டீ கொடுத்தால், டீ குடிக்கும் நேரத்தில் பின்னால் எந்த வால்வைத் திறக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். பலமுறை பிடித்திருக்கிறேன். பிடிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு குஷி வரும். அந்தக் குஷியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எங்கள் டிரைவர் ஆரோக்கியம். நாங்கள் மாதிரி எடுக்கப் போகும் வண்டியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். தாபோடியில் வீடு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே ராணுவப் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். என்னைவிட நாலு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எந்த இடத்திலும் இரண்டு பாட்டில் பிடிக்க வேண்டும் என்பது விதி. ஒன்றைச் சோதிப்போம். இன்னொன்றை முத்திரை வைத்துத் தொடாமல் வைத்திருப்போம். யாராவது முடிவை மறுத்தால் அதைத் திறந்து மறுபடி சோதிப்போம். ஒருமுறை நான் அவசரத்தில் இரண்டாவது பாட்டிலை ஒரு ஆலையின் காவலாளி மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆலை முடிவை ஏற்க மறுத்தது. மறுபடி சோதிக்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம், அவர்கள் எங்கள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆரோக்கியம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சாவியைத் திருகுவதற்கு முன்னால் கேட்பார்.

“ரெண்டாவது பாட்டில் ஏத்தியாச்சாக்கா?”

நான் ஆச்சு என்று சொன்னால்தான் வண்டி நகரும். என் மேலதிகாரி கூட இருந்தாலும் கேட்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவர் கேட்டதால் இறங்கிப்போய் எடுத்து வந்த நாட்கள் உண்டு.

ஆரோக்கியத்தின் மகள் நிஷா. தாபோடியில் ஆற்றங்கரையை ஒட்டி அவர்கள் வீடு. மழைக்காலம் தொடங்கும்போது ஆற்றில் வெள்ளையாக நுரை மிதந்து வரும். சின்ன வயதில் அவள் அப்பாவிடம், இந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று கேட்பாளாம். அக்காட்ட கேளு என்பாராம் அவர். அவள் என்னிடம் கேட்டபோது நானும் பல ஆலைகளிலிருந்து வருகிறது என்று பொதுவாகச் சொல்லி மழுப்பினேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் பட்டம் படிப்பேன் என்று நின்றாள். அவளுடைய அம்மா கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னார். தெருவில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆரோக்கியம் என்னிடம் வந்தார்.

“அக்கா, இவ ஒரே பிடியா நிக்கா. ரெண்டு காலேஜ்ல சீட் கிடைக்கும்னு சொல்லுதா. ரெண்டையும் நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா போதும். நீங்க நல்லாருக்குன்னா சேத்துருதேன். இல்லன்னா கம்ப்யூட்டர்.”

கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வில் அவளுக்குக் கடைசிச் சுற்று அது. எந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலைச் சனிக்கிழமை மாலைக்குள் இணையத்தில் பூட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அந்தப் பெண்ணின் நாலு வருடத்தையும், அதற்குப் பிறகு வருகிற வாழ்க்கையையும் அவர் என் நாக்கில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது பயமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

புதன்கிழமை ஆரோக்கியம் தன் வேனைக் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பிறகு பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச்செல்லும் சொந்த வேன் வைத்திருக்கிறார். நான், அவர், நிஷா மூன்று பேரும் கிளம்பினோம்.

முதல் கல்லூரி வாகட் தாண்டி, புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில். முகப்பு முழுக்கக் கண்ணாடி. கழுத்தில் பட்டை தொங்க ஒரு இளைஞர் வரவேற்று, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்தார். டீ என்றதும் நான் எழுந்துவிட்டேன். சுற்றிப்பார்க்க வேண்டும் என்றேன். அவர் சந்தோஷமாக நேரே அழைத்துப்போனது எங்கே தெரியுமா? மீன் தொட்டிக்கு.

விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், அதன் முடிவில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஆரஞ்சு மீன்கள். எனக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய கத்தரிக்காய்த் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

“இந்தத் தொட்டிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?” என்று இந்தியில் கேட்டேன்.

“விடுதித் தண்ணியைச் சுத்தம் செஞ்சு வருது மேடம்.”

“கண்ணாடியை யாரு தேய்க்கிறாங்க?”

“யாரும் தேய்க்கிறதில்லை மேடம். அவ்வளவு சுத்தமான தண்ணி.”

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்தாலும் கழிவுநீரில் பாசிக்குத் தேவையான சத்து மிச்சம் இருக்கும். தேய்க்காவிட்டால் பத்து நாளில் கண்ணாடி பச்சையாகிவிடும். இது பளபளவென்று இருந்தது. உள்ளே வரும் குழாயில் விரலை விட்டேன். சிலந்திவலை. பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. நீல நிறம் என்று எனக்கு ஞாபகம், பச்சை என்கிறாள் நிஷா. ஆய்வகத்தில் புகை அளக்கும் கருவியின் திரையில் கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. நிஷாவின் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குக் குஷி தாங்கவில்லை.

அந்தக் குஷியோடுதான் இரண்டாவது கல்லூரிக்குள் நுழைந்தேன்.

அது ஊரின் மறுகோடியில், தகரக் கூரை போட்ட பழைய கட்டடம். யாரும் வரவேற்கவில்லை. டீ இல்லை. ஆய்வக உதவியாளர் ஒரு வயதான மனிதர், ஸ்டூலைக் காட்டி, சார் வகுப்பில் இருக்கிறார், முக்கால் மணி ஆகும், உட்காருங்கள் என்றார். புகை அளக்கும் கருவியில் ‘வேலை செய்யவில்லை’ என்று அட்டை தொங்கியது. மேஜைமேல் ஒரு பதிவேடு. கல்லூரிக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் தண்ணீரை மாணவர்கள் தினமும் அளந்து எழுதும் பதிவேடு அது. பி.எச். என்ற வரிசையில், அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்ற கணக்கில், முதல் வரியில் 7.1. அடுத்த நாள் 7.1. அதற்கடுத்த நாள் 7.1. பக்கம் முழுக்க 7.1.

நம் தொழிலில் அளக்காமல் எழுதுகிறவர்களின் செல்ல எண் ஏழு. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த ஏழு என்ற எண்ணை எத்தனை ஆலைகளில் பிடித்திருக்கிறேன். கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தேன். பதிவேட்டை மூடினேன்.

“ஆன்ட்டி, சார் வர்ற வரைக்கும் உக்காரலாமா?” என்றாள் நிஷா.

“தேவையில்லை. பாத்தாச்சு.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பொய்யாக எழுதுகிறவர்கள் ஒரே நாளில் உட்கார்ந்து, ஒரே பேனாவில், ஒரே கையால் எழுதுவார்கள். இந்தப் பக்கத்தில் ஐந்தாறு கையெழுத்து இருந்தது, நாலைந்து மை இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கூட்டுக் களவாணிகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

வெளியே வேனில் ஆரோக்கியம் காத்திருந்தார்.

“என்னக்கா சொல்லுதீங்க?”

“ரெண்டும் வேண்டாம். முதல்ல பாத்தது வேஷம். இது அதுக்கு மேல. அளக்காமலே எழுதறாங்க. படிக்கிறப்பவே பொய்க் கணக்கு எழுதப் பழகிட்டா, நாளைக்கு எந்த ஆலைக்குப் போய் என்ன பிடிக்கப்போறாங்க?”

அவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கம்ப்யூட்டரே போட்ருவோம்,” என்றவர் சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டு மணி அடித்தது. நிஷா. வியர்த்து விறுவிறுத்து நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

“ஆன்ட்டி, ஒரு நிமிட் பேசலாமா? அப்பாக்குத் தெரியாது.”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவளுடைய தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். இந்தியும் இங்கிலீஷும் நடுநடுவே புகுந்துவிடும்.

“நா காலைல அங்க போனேன். அந்தப் பழைய காலேஜ். அந்த அங்கிள் இருந்தாரு, லேப்ல. அவர்ட்ட கேட்டேன், ஏன் எல்லாம் சேம் நம்பர்னு. அவரு சொன்னாரு, மீட்டர் கராப், கெட்டுப்போச்சு. அது எதுல வெச்சாலும் செவன் பாயின்ட் ஒன்தான் காட்டுமாம். நிம்பு பானில, லெமன் ஜூஸ்ல வெச்சாலும்.”

எனக்குக் காது சூடாயிற்று. பி.எச். மீட்டரின் முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்டால், எதில் முக்கினாலும் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். இதை இருபது வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

“அப்படின்னா மீட்டர் கெட்டுப்போனதுகூடத் தெரியாம எழுதியிருக்காங்க. அது இன்னும் மோசம்,” என்றேன். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அவள் கைபேசியை நீட்டினாள். பதிவேட்டில் அதே தாளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வந்திருந்தாள். முன்பக்கத்தில் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை மட்டும்தான் எழுத வேண்டும், சந்தேகத்தைப் பின்பக்கத்தில் எண் போட்டு எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். பின்பக்கம் நிறைய எழுதியிருந்தது. ஒரு மாணவன், கால்வாயில் நேற்று சோப்பு நுரை இருந்தது, அப்படியும் அளவு மாறவில்லை, சந்தேகம் என்று எழுதியிருந்தான். அடுத்து ஒரு பெண், அமிலத்தில் வைத்துப் பார்த்தேன், அதே எண் என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்து, உண்மையான அளவு ஒன்பதுக்குப் பக்கம் இருக்கும் என்று எழுதி, அந்தத் தாளையே அங்கே ஒட்டியிருந்தான்.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

“நாம படம் எடுத்துட்டு வந்ததும் பயந்துபோய் எழுதியிருப்பாங்க.”

நிஷா கோபப்படவில்லை. அழுதுவிடுவாள் போல இருந்தது, அழவும் இல்லை.

“ஆன்ட்டி, நீங்க எடுத்த போட்டோ காட்டுங்க. ப்ளீஸ்.”

எடுத்தேன். அவள் அதைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு 7.1-க்கும் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்ன அம்பும், அதன் கீழே ஒரு எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பின்பக்கக் குறிப்புகளின் அதே எண்கள். புதன்கிழமை நான் எடுத்த படத்திலேயே இருக்கின்றன. வாத்தியார் போட்ட சரிக்குறி என்று நினைத்து நான் அவற்றைத் தாண்டிவிட்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சமையலறைக்குப் போய் ஒரு நிமிடம் சும்மா நின்றேன். மீனைப் பார்த்து ஏமாந்தபோது எனக்கு இருபத்தி நாலு வயது. அன்றைக்கு எனக்குப் பிடித்த பதில் சட்டென்று கிடைத்தது, மேலே தேடவில்லை. இப்போதும் அதேதான் நடந்திருக்கிறது. பொய்யைப் பிடித்துவிட்டோம் என்ற குஷிதான் இந்த முறை எனக்குப் பிடித்த பதில். முப்பது வருடச் சந்தேகம் என்று நான் பீற்றிக்கொண்டது பத்து நிமிடத்தில் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஒரு பக்கத்தைத் திருப்ப அதற்குப் பொறுமை இல்லை.

ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன். “நான் சொன்னது தப்பு. நாளைக்குக் காலைல வேனைக் கொண்டு வாங்க, மறுபடி போகணும்,” என்றேன். “வாரேன்க்கா,” என்றார்.

சனிக்கிழமை காலை அந்தத் தகரக் கூரைக்குள் மறுபடி போனோம். இந்த முறை ஆசிரியர் வரும்வரை உட்கார்ந்தோம். ஒல்லியான, சிடுசிடுப்பான மனிதர். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “அன்னைக்கு யாரையும் கேக்காம போட்டோ எடுத்துட்டுப் போனது நீங்கதானா?”

நான்தான் என்றேன். மீட்டர் கெட்டது தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். மாணவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருந்தேன் என்று அவர் சொல்லுவார், நானும் நெகிழ்ந்துபோவேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“புது முனை கேட்டு எழுதிப்போட்டேன், இன்னும் வரலை. செத்துப்போச்சுன்னு எழுத்துல நிரூபிச்சா சீக்கிரம் வரும்னு பசங்க கிட்ட சொன்னேன். நிரூபிச்சிட்டாங்க. அப்பவும் வரலை.”

“வந்திருந்தா?”

“மாத்தியிருப்பேன். வேற என்ன செய்வாங்க?”

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனாலும் இந்த முறை பிடித்ததோடு நிற்கவில்லை. நிஷாவும் நிற்கவில்லை. அவள் தன் நோட்டை வைத்துக்கொண்டு கேள்விகளை அடுக்கினாள். புகைக் கருவி எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை? ஒரு ஆசிரியர் இடம் காலி என்கிறார்களே, அந்தப் பாடத்தை யார் எடுக்கிறார்கள்? போன வருடம் படித்து முடித்தவர்களில் இரண்டு பேருடைய போன் எண் கிடைக்குமா? ஆசிரியர் எல்லாவற்றுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பதில் சொன்னார். பாதிப் பதில்கள் கல்லூரிக்குப் பெருமை தருபவை அல்ல. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். வெளியே மரத்தடியில் நின்று அந்த இரண்டு பேருக்கும் போன் செய்தாள். ஒருவர் புகழ்ந்தார். ஒருவர் திட்டினார். திட்டியவரிடம்தான் அதிக நேரம் பேசினாள்.

“இதுல குறை நிறைய இருக்கு நிஷா,” என்றேன்.

“தெரியும் ஆன்ட்டி. ஆனா இவங்க குறையை எழுதி வெக்கிறாங்க. அங்க தொட்டியைத் தொடைச்சு வெக்கிறாங்க.”

வேனில் உட்கார்ந்து, கைபேசியில் அவளே பட்டியலைத் திறந்தாள். கம்ப்யூட்டரைக் கீழே தள்ளி இந்தக் கல்லூரியை மேலே ஏற்றினாள். அப்பாவிடம் நீட்டினாள். ஆரோக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வார்த்தையில் தொங்கிக்கொண்டு இந்தக் குடும்பம் ஒருமுறை போதுமான அளவுக்கு ஆடிவிட்டது.

“உனக்குச் சரியாப் பட்டா பூட்டிரும்மா,” என்றார். அவள் பூட்டினாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வாகட் கல்லூரியைப் பற்றி நான் சொன்னது சரிதானா என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. நாலு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே மீனுக்குப் பதில் சாமந்திப் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். அங்கே என் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதனால் சந்தேகப்படாதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சந்தேகம் வந்த இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள், அதன் கடைசிவரை நடந்துபோய்ப் பாருங்கள்.

நிஷா இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். அந்தக் கல்லூரிமேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன், போன வாரம்கூட ஏதோ கருவியைப் பற்றி இரண்டு பக்கம் குறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆற்று நுரையை இப்போது அவளே பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதிக்கிறாள்.

உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை வேனில் கடைசியாக நடந்ததைத்தான். பட்டியலைப் பூட்டியாயிற்று. ஆரோக்கியம் சாவியில் கையை வைத்தவர் திருகாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆரோக்கியம், இருபத்திரண்டு வருஷம் வண்டி எடுக்கறதுக்கு முன்னால என்னை ஒரு கேள்வி கேப்பீங்களே. புதன்கிழமை இதே இடத்துல ஏன் கேக்கலை?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“வாய் வரைக்கும் வந்திச்சுக்கா. எம் பொண்ணு விஷயமாச்சா, உங்கள நம்பி வந்துட்டு உங்களயே சந்தேகப்பட்ட மாரி ஆயிருமேன்னு முழுங்கிட்டேன். ஆலைக் காரியத்துக்குக் கேட்டுருவேன். எங் காரியத்துக்கு எப்பிடிக்கா கேக்கது?”

கழிவுநீருக்குக் கேட்ட கேள்வியைச் சொந்த மகளுக்காகக் கேட்க அந்த மனிதரின் மரியாதை விடவில்லை. அந்த மரியாதையை நான் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிஷா மட்டும் இரண்டு பஸ் ஏறாமல் இருந்திருந்தால், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதித்து மதித்தே அந்தப் பெண்ணின் ஆசையைக் குழியில் போட்டு மூடியிருப்போம்.

நாளைக்கு நானோ உங்கள் மேலாளரோ உங்கள் ஆய்வகத்தில் எதையாவது அடித்துச் சொன்னால், இரண்டாவது பாட்டில் எங்கே என்று கேளுங்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் நிச்சயம் கோபப்படுவேன். அப்படியும் கேளுங்கள்.